வாசிக்க ஒரு டெப் வாங்குமுன்

ஹட்டன் கடைவீதியில் டெப் விலை கேட்டால் கடைக்காரர் கெமராவிலும், செயலிகள் ஓடும் நினைவகமான ரேமிலும்தான் பேச்சைத் தொடங்குவார். வாசிப்பவருக்கு அவை இரண்டும் பின்னால் வரவேண்டிய விஷயங்கள். என்ன மாதிரிக் கோப்புகளை வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் எத்தனை அங்குலத் திரை வேண்டும், எங்கே காசை மிச்சம்பிடிக்கலாம், உண்மையில் வாங்கத்தான் வேண்டுமா என்பது வரை தெளிந்துவிடும்.

மின்னூல்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று எழுத்தாகவே இருப்பது, ஈபப் என்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடிந்து கீழே இறங்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய இலக்கியங்களிலும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் கதை, கட்டுரை நூல்களிலும் இந்த ரகம் நிறையக் கிடைக்கும். படம் இல்லாத நூல் பெரும்பாலும் ஓர் எம்பியைக்கூடத் தொடாது.

மற்றது பக்கமாக உறைந்துபோனது, பிடிஎஃப். நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், மலையக வெளியீடுகள் எல்லாம் அநேகமாகப் பக்கங்களை ஸ்கேன் செய்தவை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர வள நூல்களும் பிடிஎஃப்தான். டியூஷன் வட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வினாத்தாளோ, யாரோ போனில் சாய்வாக எடுத்த படம். இவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கம் முழுதும் பெரிதாகி, வரியின் வால் திரைக்கு வெளியே ஓடிவிடும்.

முதல் ரகம்தான் உங்கள் வாசிப்பு என்றால் டெப் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். இரண்டாவது ரகம் என்றால் போனில் அல்லாடுவது வீண். இலங்கைத் தமிழ் நூல்களையும் பாடப் புத்தகங்களையும் தேடுகிறவர் அநேகமாக இரண்டாவது ரகத்தில்தான் வந்து நிற்பார்.

முதலில் ஒரு வாரம் போனில்

காசு போடுமுன் இதைச் செய்யுங்கள். போனில் ரீட்எரா போன்ற இலவச வாசிப்புச் செயலி ஒன்றை இறக்குங்கள். ஓர் ஈபப், ஒரு ஸ்கேன் பிடிஎஃப், பிள்ளையின் பாடநூலில் ஓர் அத்தியாயம், ஆக மூன்று கோப்புகள் வேண்டும். தினமும் இரவில் அரைமணி நேரம், ஏழு நாள். எத்தனை பக்கம் போனது, எங்கே கை சலித்தது என்று ஒரு தாளில் குறியுங்கள்.

ஏழு நாளில் மூன்று நாள்கூட உட்காரவில்லை என்றால் குறை திரையில் இல்லை. டெப் வந்தாலும் அது யூடியூப் பெட்டியாகிவிடும். ஈபப் ஓடுகிறது, பிடிஎஃப்தான் நகரமாட்டேன் என்கிறது என்றால் மேற்கொண்டு வாசியுங்கள்.

அடிமட்டத்தை எடுங்கள்

திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. வாசிப்புக்கு வேண்டியது அகலம். பெட்டியில் அது எழுதியிருக்காது.

6.5 அங்குலப் போனின் திரை அகலம் சுமார் 68 மில்லிமீற்றர். 8.7 அங்குல டெப்பில் 113. 10.1 அங்குலத்தில் 136. 11 அங்குலத்தில் 148. இனிப் புத்தகத்தை அளப்போம். டெமி அளவில் வரும் சாதாரண நாவல், கட்டுரை நூலின் பக்கம் ஏறத்தாழ 140 அகலம், 216 உயரம். 10.1 அங்குலத் திரை 136க்கு 217. அதாவது அந்த நூலின் ஸ்கேன் அச்சில் இருந்த அதே அளவில் கண்முன் நிற்கும். பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை. சின்ன கிரவுண் அளவு நூல் 120க்கு 180. அதற்கு 8.7 அங்குலமே கிட்டத்தட்டப் பொருந்தும். போனிலோ டெமிப் பக்கம் பாதிக்கும் கீழே சுருங்கிப்போகும்.

சிக்கல் ஏ4 தாளில் வரும் வினாத்தாள், வள நூல்களோடுதான். ஏ4 அகலம் 210. 10.1 அங்குலத்தில் நிமிர்த்திப் பிடித்தால் 65 சதவீதமாகச் சுருங்கும். 10 பொயின்ற் அளவு எழுத்து ஆறரைப் பொயின்ற் ஆகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிப்பது மாதிரி. ஆனால் அதே டெப்பைக் குறுக்காகத் திருப்பினால் அகலம் 217. ஏ4 பக்கம் முழு அளவில், மேற்பாதியும் கீழ்ப்பாதியுமாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு தள்ளு, அவ்வளவுதான். 8.7 அங்குலத்தைக் குறுக்காகத் திருப்பினால் 190, அதாவது தொண்ணூறு சதவீதம். கண் நல்லாயிருந்தால் அதுவும் சரிப்படும்.

ஆகவே உயர்தரப் பிள்ளைக்கும் ஸ்கேன் நூல் வாசகருக்கும் 10 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். 8.7 அங்குலத்துக்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று பாரம். அந்த அளவு டெப்கள் 330 முதல் 370 கிராம், பத்தங்குலக்காரர்கள் 450 முதல் 530 கிராம். மல்லாந்து படுத்து ஒற்றைக் கையில் பிடித்தால் இருபது நிமிடத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். மற்றது பஸ் பயணம். வேலைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவருக்குச் சின்னதுதான் சௌகரியம். 7 அங்குலம் மட்டும் வேண்டாம். போனுக்கும் டெப்புக்கும் நடுவே அது எதற்கும் உதவாத அளவு.

புள்ளி தெரிகிறதா

அளவு சரியாக இருந்தும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், காரணம் திரையின் பிக்சல் எண்ணிக்கை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்ணிய ஒளிக்கட்டங்களின் எண்ணிக்கை. மலிவு டெப்களில் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

10.1 அங்குலத்தில் இரண்டு வகை விற்கிறது: 1280க்கு 800, 1920க்கு 1200. முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு சுமார் 149 பிக்சல், இரண்டாவதில் 224. ஆங்கிலம் வாசிப்பவருக்கு முதலாவதே ஒப்பேறும். தமிழுக்கு ஒப்பேறாது, மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிதான் காரணம். அச்சில் அந்தப் புள்ளி அரை மில்லிமீற்றர்கூட இராது. ஏ4 பக்கம் சுருங்கி வரும்போது 149 பிக்சல் திரையில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல். ஸ்கேனும் கொஞ்சம் அழுக்காக இருந்தால் புள்ளி காணாமல் போய்விடும், அல்லது தாளின் கறையெல்லாம் புள்ளியாகிவிடும். 'கல்' எது, 'கல' எது என்று தெரியாமல் வாக்கியத்தை இரண்டு தடவை வாசிக்க நேரும். ர, ா குழப்பமும் பழைய அச்சில் இதோடு சேர்ந்துகொள்ளும். கண் வலிக்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு வலிப்பது இதனால்தான்.

எனவே பத்தங்குலம் என்றால் 1920க்கு 1200 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 8.7 அங்குலத்தில் வழக்கமாக வருவது 1340க்கு 800. சின்னத் திரை என்பதால் அங்குலத்துக்கு 179 பிக்சல் கிடைக்கும், கிரவுண் அளவு நூலுக்குப் போதும். பெயரை நம்பி வாங்கவும் கூடாது. லெனோவோவின் எம்10 வரிசையில் 1280க்கு 800 திரையும் உண்டு, 1920க்கு 1200 திரையும் உண்டு. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. பெட்டியின் ஓரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். சாம்சுங் டெப் ஏ8, ஏ9 பிளஸ், ஷவோமியின் ரெட்மி பேட் எஸ்ஈ ஆகியவை 1920க்கு 1200. டெப் ஏ9 மட்டும், பிளஸ் இல்லாதது, 8.7 அங்குலம், 1340க்கு 800.

விலையை இங்கே எழுதவில்லை. டொலரோடு ஏறி இறங்கும் பொருளுக்கு எழுதிய விலை ஒரு மாதம்கூட நிற்காது.

மற்ற எண்கள்

ரேம் 2 ஜிபி என்றால் வேண்டாம். 40 எம்பி ஸ்கேன் கோப்பைப் புரட்டும்போது வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும், செயலி தானாக மூடிக்கொள்ளும். 3 சமாளிக்கும், 4 நிம்மதி. அதற்குமேல் கொடுப்பது வாசிப்புக்கு வீண் செலவு. சேமிப்பு 32 ஜிபியில் கணிசமான பங்கை அண்ட்ரொயிட்டே எடுத்துக்கொள்ளும். 64 வாங்குங்கள், அல்லது மெமரி கார்ட் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலுக்கு 30 எம்பி என்று வைத்தாலும் ஆயிரம் நூல் 30 ஜிபிக்குள் அடங்கும்.

கேட்டிராத பெயரில், பாதி விலைக்கு, '16 ஜிபி ரேம், 512 ஜிபி மெமரி' என்று இணையத்தில் விற்பவற்றைத் தொடவே வேண்டாம். உள்ளே 2 ஜிபியை வைத்துவிட்டு அமைப்புகள் பக்கத்தில் பெரிய எண்ணைக் காட்டும்படி மென்பொருளை மாற்றி எழுதியிருப்பார்கள். டெவ்செக் அல்லது சிபியு-இசட் செயலியைப் போட்டால் பெரும்பாலும் உண்மை வெளிவரும். ப்ளே ஸ்டோரின் அமைப்புகளில் கடைசிப் பகுதியைத் திறந்தால் சாதனம் கூகுளால் சான்றளிக்கப்பட்டதா என்றும் காட்டும். சான்று இல்லை என்று வந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுங்கள்.

அமேசானின் ஃபயர் டெப்கள் சில சமயம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கையோடு வரும். அவற்றில் ப்ளே ஸ்டோர் கிடையாது. ஃபயர் எச்டி 10இன் திரை நல்லதுதான், ஆனால் தமிழ்ச் செயலிகளை உள்ளே கொண்டுவரத் தனியாகப் பாடுபட வேண்டும்.

சிம் வேண்டுமா

வைஃபை மட்டும் உள்ளது மலிவு. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் அதில் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொள்ளலாம், சிம் டெப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் சிக்னல் எங்கே பிடிக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்: கோயில் மேடு, தேயிலைத் தொழிற்சாலை வளைவு, லயத்துக் கடைசி வாசல். போனை அங்கே கொண்டுபோய் இறக்கி, வீட்டுக்கு வந்து டெப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். 1 ஜிபி டேட்டாவில் ஸ்கேன் நூல் முப்பதுக்கு மேல் வரும், ஈபப் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். டவுனுக்குப் போகும் நாளில் நல்ல சிக்னலில் ஒரு மாதத்துக்குத் தேவையானதை இறக்கிவிடுவது புத்தி.

சிம் உள்ளதையே வாங்குவதென்றால் காசு கொடுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. *#06# அடித்து, அல்லது பெட்டியின் ஸ்டிக்கரில் பார்த்து, சாதனத்தின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். ஐஎம்இஐ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கவேண்டாம்.

கடையில் பத்து நிமிடம்

ஒரு பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ மூன்று கோப்புகளோடு போங்கள்: மங்கலான பழைய ஸ்கேன் ஒன்று, ஏ4 வினாத்தாள் ஒன்று, ஈபப் ஒன்று. டெமோ வீடியோவில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

ஸ்கேனைத் திறந்து புள்ளிகளைப் பாருங்கள். பத்துப் பக்கம் வேகமாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு செக்கனுக்கு மேல் வெள்ளையாக நின்றால் அது உங்கள் வீட்டில் இன்னும் மெதுவாகும். டெப்பைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறினால் மலிவான திரை, படுத்து வாசிக்க உதவாது. வெள்ளைப் பக்கத்தை முழுத் திரையில் வைத்துக் கறுப்புத் திட்டு, ஓர வெளிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு வெளிச்சத்தை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி, திரையைச் சுற்றிக் கையால் மறைத்து இருட்டாக்கிப் பாருங்கள். ஒரே அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு வாசிப்பவருக்கு இந்த ஒரு சோதனை மிக முக்கியம். சில மலிவு டெப்கள் ஆகக் குறைத்தாலும் டோர்ச் மாதிரி எரியும்.

யார் வாசிக்கப்போகிறாரோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு இந்தத் திரைகள் சரியாக மசியாது. தோல் தடித்து வறண்டிருந்தால் மின்னூட்டம் சரியாகப் பாயாததால், அம்மா நாலு தடவை தொட்டும் பக்கம் புரளாது. 'எனக்கு இதெல்லாம் வராது' என்று ஒதுங்கிவிடுவார். விரல் நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டால் தொடச் சொல்லுங்கள். அமைப்புகளில் தொடுதல் உணர்திறன் என்று ஒன்று இருந்தால் கூட்டுங்கள். தடித்த கண்ணாடி ஒட்டினால் நிலைமை மோசமாகும், மெல்லியதைக் கேளுங்கள். வாசிப்புச் செயலியில் ஒலி பட்டனால் பக்கம் புரட்டும் வசதியையும் போட்டுவிடலாம்.

உத்தரவாதம் என்று சொன்னால் யாருடையது என்று கேளுங்கள். கம்பனி முகவருடையதா, கடையினுடையதா? கடையினுடையது என்றால் பழுது வந்த அன்று அந்தக் கடைதான் கதி. முகவருடையது என்றால் பழுதுபார்க்கும் இடம் கண்டியிலா கொழும்பிலா, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகுமா என்பதையும் விலையோடு கூட்டுங்கள். தீபாவளி முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் அவசரமாக வாங்கும்போதுதான் இந்தக் கேள்விகள் விட்டுப்போகும்.

செக்கன் ஹேண்ட்

வாசிப்புக்கு மட்டும் என்றால் பழையது வாங்குவதில் தப்பில்லை. சாம்சுங் டெப் ஏ 10.1, 2019 வெளியீடு, 1920க்கு 1200 திரை. வேகம் குறைவு, ஆனால் பிடிஎஃப் ஓடும். மூன்று சோதனைகள் போதும். கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஊஞ்சல் ஆடினாலோ திரையின் ஓரம் எழும்பியிருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது, வேண்டாம். சார்ஜர் முனையைச் செருகி லேசாக அசையுங்கள். சார்ஜ் விட்டுவிட்டு வந்தால் துளை தளர்ந்திருக்கிறது. கடைசியாக, விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்கிய பிறகு உங்கள் முன்னிலையிலேயே முழுதாக அழித்து, முதல் திரையிலிருந்து உங்கள் கணக்கைப் போட்டு முடியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்த டெப் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே பூட்டி நிற்கும்.

மின்மைத் திரை வாசிப்பான்

மின்மை என்பது தாளில் அச்சானது போல எழுத்தைக் காட்டும் திரை. அது உள்ள கிண்டில் போன்றவை கண்ணுக்கு இதம், வெயிலில் தெரியும், ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். நாவல் நாவலாக ஈபப் வாசிப்பவர் அதைத்தான் வாங்க வேண்டும். ஆறங்குலத்தில் ஸ்கேன் நூலையும் வினாத்தாளையும் வாசிக்க முடியாது என்பதால் மற்றவர்களுக்கு உதவாது.

வாங்கி வந்த பிறகு

தமிழ் சரியாக விழுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். 'கொண்டு', 'செய்தோம்', 'பெண்ணை' ஆகிய சொற்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ வெறும் வட்டம் தெரிந்தாலோ செயலியின் எழுத்துருதான் குற்றவாளி. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுங்கள், அல்லது செயலியை மாற்றுங்கள். ஈபப்பில் இரு பக்க ஓரமும் நேராக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சொல்லுக்குச் சொல் ஓடைபோல் இடைவெளி விழும். வரி இடைவெளி 1.4 அல்லது 1.5. பிடிஎஃப்பில் ஓரத்தை வெட்டும் வசதியைப் போட்டால் மேலும் பத்துப் பதினைந்து சதவீதம் எழுத்துப் பெருக்கும். பழைய நூல்களில் வெற்று ஓரம் தாராளம்.

யாராவது அனுப்பிய வேர்ட் கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அது கெட்டுப்போன கோப்பில்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியை யுனிகோட் ஆக்கும் மாற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கண் தெரியாத பெரியவர்களுக்கு கூகுளின் தமிழ்க் குரலை இறக்கி வைத்தால் ஈபப்பை வாசித்துக் காட்டும். ஸ்கேன் படத்தை அதனால் வாசிக்க முடியாது.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 7000 எம்ஏஎச் பற்றரி ஒன்றை முப்பது தடவை முழுதாக ஏற்றினால் ஏறத்தாழ ஒரு யூனிட். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் அதை ஏறத்தாழ ஒரு தடவைதான் ஏற்றும். கரண்ட் போகும் நாளுக்கு அது தாராளம்.

குளிர் டெப்புக்குக் கேடில்லை, ஈரம்தான் கேடு. வெளிக்குளிரில் இருந்த டெப்பை அடுப்படிச் சூட்டுக்கும் ஆவிக்கும் நேரே கொண்டுவந்தால் கண்ணாடியில் பனிபோல் நீர் படியும், சார்ஜ் துளைக்குள்ளும்தான். கால் மணி நேரம் துணியில் சுற்றி வைத்து, பிறகு சார்ஜ் போடுங்கள். ஈரம் இருக்கிறது என்று டெப்பே எச்சரித்தால் ஊதாதீர்கள், அடுப்பருகே காய வைக்காதீர்கள். துளை கீழே பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.